தெஹிவளைக்கு வரச் சம்மதம்

கற்பிட்டி வீதி,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

என் மகள் பஹ்மாவின் கணவரும் எனக்கு மகனுக்குச் சமமானவருமான ஃபாஹிம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மீதும் பஹ்மா மீதும் பிள்ளைகள் மீதும் அல்லாஹ்வின் அருள் குறைவில்லாமல் இறங்கட்டும். கடிதம் எழுதுகிறவர் முதலில் தன் சுகத்தைச் சொல்லிவிட்டு மற்றவர் சுகத்தைக் கேட்பது முறை. என் சுகம்தான் இந்தக் கடிதத்தின் விஷயமே என்பதால் அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். உங்கள் சுகத்தை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனை எடுப்பது பஹ்மா. நான் "மகள், ஒரு விஷயம்" என்று தொடங்கினால் அவள் "விழுந்துட்டீங்களா வாப்பா?" என்று கேட்டு அழத் தொடங்கிவிடுகிறாள். அவளைத் தேற்றி முடிப்பதற்குள் என் விஷயம் எனக்கே மறந்துபோகிறது. அத்துடன், உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்த காலம் முழுவதும் முக்கியமான எந்த முடிவையும் நான் வாயால் அறிவித்தவன் அல்ல. எழுதிக் கையொப்பம் வைத்தால்தான் அது முடிவு.

முடிவு இதுதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்திருந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: சம்மதம். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு தெஹிவளையில் வந்து இருக்கிறேன். நீங்கள் சொன்னபடி, அடுத்த கிழமை சனிக்கிழமை வேனை அனுப்பலாம். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு வரியில் சம்மதிக்கிற மனிதன் நான் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஏதோ நடந்திருக்கிறது என்று பயந்துவிடுவீர்கள். நடந்துதான் இருக்கிறது. அதை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன்.

உங்கள் மாமி ஸக்கியா மௌத்தான பிறகு நீங்கள் கொழும்பிலிருந்து லொறியில் அனுப்பிவைத்த சோபாவைப் பற்றி நான் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை; இப்போதும் சொல்லவில்லை. அது நல்ல சோபா. அளவுக்கு மீறி நல்ல சோபா. ஸக்கியா இருந்தவரைக்கும் என்னை ஓரிடத்தில் உட்கார விட்டதில்லை. தேங்காய் உரிக்க வேண்டும், கோழிக்கூட்டைச் சாத்த வேண்டும், மேல்தட்டில் இருக்கிற போத்தலை எடுத்துத் தர வேண்டும், எடுத்துத் தந்த பிறகு அது அந்தப் போத்தல் இல்லை என்று திரும்ப வைக்க வேண்டும். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து எல்லோரும் எனக்குச் சொன்ன ஒரே சொல் "உட்காருங்க" என்பதுதான். "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கொள்றோம்." என் தங்கையின் மகள் ஸஃப்னா பக்கத்து வளவிலிருந்து மூன்று வேளையும் சாப்பாட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அவளுடைய கணவர் ஓட்டோவில் ஏற்றிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பள்ளியில் கடைசி வரிசையில் கதிரை போட்டுத் தந்தார்கள். எல்லாம் அன்பினால். வெயிலில் உப்புப் பாத்தி வரம்புகளில் நாள் முழுக்க நடந்த கால்கள் இவை, ஃபாஹிம். அந்த வெயிலைத் தாங்கியவை இந்த அன்பைத் தாங்கவில்லை.

சோபாவில் அன்றைக்கு நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். மீன் வியாபாரி றஸீன் சொன்ன மாதிரித்தான் தெரியும். அவன் சொன்னதில் இருக்கிற கூட்டல் கழித்தலை நான் திருத்த வேண்டியிருக்கிறது. ஸஃப்னா குடும்பத்தோடு கனமூலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் லுஹரைத் தொழுதுவிட்டுச் சற்றுச் சாயலாம் என்று சோபாவில் உட்கார்ந்தேன். அது என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. முழங்கால்கள் இடுப்புக்கு மேலே வந்துவிட்டன. எழும்பலாம் என்று கையை ஊன்றினால் கையும் உள்ளே போனது. அப்போது பார்த்து மேசையில் இருந்த போன் அடித்தது. பஹ்மாவின் பெயர் அதில் மின்னுவது எனக்குத் தெரிகிறது; எட்டி எடுக்கத்தான் முடியவில்லை. அது நின்று, மறுபடி அடித்து, மறுபடி நின்றது. திறந்திருந்த வாசலால் அயல்வீட்டு ஆடு ஒன்று உள்ளே வந்து என்னைப் பார்த்தது. "போ" என்றேன். ஒரு மனிதன் எழும்பி வருவானா மாட்டானா என்பது ஆட்டுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அது நிதானமாக நான் வாசிக்காமல் வைத்திருந்த பத்திரிகையைத் தின்றது, பிறகு வாழைப்பழத்தைத் தின்றது, தோலையும் விடவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னது கேட்டது. பாங்கு சொல்லி முடியும்வரை நான் முயன்றேன். எனக்கு அழுகை வந்தது என்பதை றஸீன் சொல்லியிருக்க மாட்டான், அவன் வரும்போது நான் முகத்தைத் துடைத்துவிட்டேன். கடைசியில் அவன் மோட்டார் சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு வந்தவன், என் சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்து, மீன் கையாலேயே இரண்டு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தான். "வாப்பா, சுறா மாதிரி பாரமா இரிக்கிறீங்க" என்றான். அதை அவன் மாம்புரி வரைக்கும் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் நீங்களும் பஹ்மாவும் என்னைத் தெஹிவளைக்கு அழைத்தீர்கள். ஐந்தாம் மாடி, லிஃப்ட் இருக்கிறது, கடல் தெரியும் என்றீர்கள். நான் யோசிக்கத் தவணை கேட்டேன். நீங்கள் முதலில் டொக்டரிடம் காட்டச் சொன்னீர்கள். டொக்டர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "வருத்தம் ஒண்டுமில்ல ஐயா, பாவிக்காம விட்டதுதான் வருத்தம்" என்று சொல்லி, முதியவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்புக்குத் துண்டெழுதித் தந்தார். மாத்திரை தராத டொக்டரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வகுப்பு நடப்பது வாசிகசாலைக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில். நடத்துகிறவர் ஜுமானா என்ற இயன்மருத்துவர். பஹ்மாவைவிட இளையவர், குரல் மட்டும் ஒரு பள்ளிக்கூட அதிபருடைய குரல். முதல் நாள், "மாமா, கைய நெஞ்சில கட்டிக்கொண்டு கதிரையில இருந்து எழும்புங்க, பாப்போம்" என்றார். இதுவா பரீட்சை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு எழும்பினேன். மேல்பாதி புறப்பட்டது, கீழ்ப்பாதி வரவில்லை. மறுபடி முயன்றேன். கதிரைதான் சற்று நகர்ந்தது. அடுத்த கதிரையில் இருந்தவர் குலசேகரம். யுத்தக் காலத்தில் சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவில். அவரும் எழும்பவில்லை. ஆனால் தான் எழும்பாததில் என்னைவிட ஓரங்குலம் உயரம் கூடுதல் என்று ஜுமானாவிடம் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் போட்டி.

பெண்களுக்கும் அதே நேரத்தில்தான் வகுப்பு என்பதால் மண்டபத்தின் நடுவே ஒரு திரை கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் மாம்புரியில் கருவாடு விற்கிற றீற்றா என்ற அம்மாள் வருவார். அவருடைய குரலுக்குத் திரை ஒரு தடையே அல்ல. நாங்கள் ஏதாவது முனகினால் அங்கிருந்து பதில் வரும். ஒருநாள் ஒற்றைக்காலில் நிற்கிற பயிற்சி. பிடித்துக்கொள்வதற்காக ஜுமானா ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு கதிரை வைத்தார். குலசேகரம் கதிரையைத் தொடாமல் நின்றார். ஆகவே நான் என் கதிரையைக் காலால் அப்பால் தள்ளிவிட்டேன். தள்ளிய காலைக் கீழே வைக்காமலே நின்றதில், ஒரு கணம், ஃபாஹிம், ஒரு கணம் நான் கொக்கு மாதிரி நேராக நின்றேன். அடுத்த கணம் சாய்ந்தேன், கைக்கு அகப்பட்டது திரை. அதைப் பிடித்தேன். திரை கம்பியோடு வந்தது, கம்பி குலசேகரத்தின் தோளில் விழுந்தது, அவர் பக்கத்தில் நின்றவரைப் பிடித்தார், அவர் சுவரைப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் திரைக்குள் சுருண்டு கிடந்தபோது அந்தப் பக்கத்தைக் கண்டோம். பெண்கள் எல்லோரும் ஒற்றைக்காலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். றீற்றா தூக்கிய காலைக் கீழே வைக்கவே இல்லை. "மிஸ், அந்தப் பக்கம் முடிஞ்சுதா? நாங்க மத்தக் காலுக்கு மாறட்டா?" என்று கேட்டார்.

வீட்டிலும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது ஜுமானாவின் கட்டளை. வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி நுனிக்காலில் நின்று இறங்குவது அதில் ஒன்று. நான் காலையில் படலையடியில் அதைச் செய்துவந்தேன். எதிர்வீட்டு அன்ஸாருடைய மதில் எவ்வளவு உயரம் என்பதை நான் கவனிக்கவில்லை. நான் குதியை உயர்த்தினால் என் தலை அவருடைய மதிலுக்கு மேலே தெரியும், இறக்கினால் மறையும். அவருடைய வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் அந்த நேரத்தில்தான் உடுப்புக் காயப் போடுவாளாம். அன்ஸார் படலைக்கு வந்து, அண்ணன் முறையை விடாமலே, "நானா, மதிலுக்கு மேலால என்னத்தத் தேடுறீங்க?" என்று கேட்டார். "என் குதிகாலை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அது எடுபடவில்லை. விஷயம் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போவதற்கு முன் ஜுமானாவே நேரில் வந்து, அன்ஸாரை என் பக்கத்தில் நிறுத்தி, அதே பயிற்சியைச் செய்யச் சொல்லி விளக்க வேண்டியதாயிற்று. அன்ஸார் என்னைவிட மிகவும் இளையவர். இருந்தும் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்து ஸலாம் சொல்கிறார், ஆனால் மதிலுக்கு மேலே தகரம் அடித்துவிட்டார்.

நீதியாகச் சொல்ல வேண்டுமென்றால் பலன் இல்லாமலும் இல்லை. சோபாவை விட்டு மரக்கதிரைக்கு மாறிவிட்டேன், அதிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு எழும்புகிறேன். தேநீரை நானே ஊற்றி, சிந்தாமல் முன்வாசலுக்குக் கொண்டுவந்து குடிக்கிறேன். போன கிழமை என் கால் நகத்தை நானே வெட்டினேன். ஸஃப்னாவுக்கு அதில் சற்று மனத்தாங்கல்கூட.

ஒரு பயிற்சியை மட்டும் நான் செய்யவில்லை. நிலத்தில் விழுந்தால் எப்படி எழும்புவது என்று ஜுமானா பாய் விரித்துச் சொல்லித்தந்தார். என் வயதில் நாலு பேருக்கு முன்னால் நிலத்தில் கிடந்து உருள்வதற்கு நான் மறுத்துவிட்டேன். "நான் பாத்துப் பழகிறேன் மகள்" என்று சொல்லிக் கதிரையில் இருந்தேன். குலசேகரம் அதில் மிகத் திறம். மல்லாந்து கிடப்பார், பக்கவாட்டில் புரள்வார், நாலு காலில் வருவார், கதிரையைப் பிடித்து ஒரு காலை ஊன்றி எழும்பிவிடுவார். எழும்பி என்னைப் பார்ப்பார்.

இனி, போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று குலசேகரம் வகுப்புக்கு வரவில்லை. அவர் ஒருநாளும் தவறுகிறவர் அல்ல. ஜுமானா போன் எடுத்துப் பார்த்தார், பதில் இல்லை. அவருடைய வீடு மண்டபத்துக்குப் பின் ஒழுங்கையில். அப்போது ஒற்றைக்கால் பயிற்சி தொடங்கப் போகிற நேரம். "நான் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்று சொன்னேன். நண்பன் மேல் உள்ள அக்கறையினால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஒற்றைக்காலிலிருந்து தப்புவதற்காகச் சொன்னேன். ஒழுங்கை நெடுக மதிலைப் பிடித்துப் பிடித்துப் போனேன். முன்கதவு திறந்திருந்தது. உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. "குலசேகரம்!" என்று கூப்பிட்டேன். பின்பக்கத்திலிருந்து, "நானா, நான் இஞ்ச கிடக்கிறன்" என்று ஒரு குரல் வந்தது. அது அவருடைய குரல் மாதிரியே இல்லை.

கிணற்றடியில் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார். விடிய முகம் கழுவப் போனவர், நான் போகும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். வெயில் அவருடைய முகத்துக்கு வந்துவிட்டது. எறும்பு ஏறியிருந்தது. "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தன் நானா, ஒருத்தருக்கும் கேக்கேல்ல. வானொலியில பிறந்தநாள் வாழ்த்து முழுக்கக் கேட்டன். ஊரில உள்ள பிள்ளையள் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி முடிச்சிட்டாங்கள்" என்றார். ஜுமானா சொல்லித்தந்தபடி எங்கேயாவது கடுமையாக நோகிறதா, கை கால் அசைகிறதா என்று கேட்டேன். முழங்கை உரசியிருந்தது, வேறில்லை. "இருங்க, ஆளைக் கூட்டிட்டு வாறேன்" என்று திரும்பினேன். அவர் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் நானா. ஆள் வந்தா ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிஞ்சா கனடாவுக்குத் தெரியும். போன மாசந்தான் மகன் வயோதிபர் இல்லம் ஒண்டின்ர படம் அனுப்பினவன். நல்ல இல்லம் அப்பா, பூந்தோட்டம் இருக்கு எண்டவன். நான் கிணத்தடியில கிடந்தன் எண்டு கேள்விப்பட்டா அவன் அடுத்த பிளேனில வந்து என்னைக் கொண்டுபோய் விட்டிடுவான்."

"அப்ப எழும்புங்க. வகுப்பில நீங்கதானே கெட்டிக்காரன்."

"மறந்துபோச்சு நானா" என்றார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. "பாயில வருது. இஞ்ச வருகுதில்ல. முதல் என்ன செய்யிறது எண்டே தெரியேல்ல."

என்னால் அவரைத் தூக்க முடியாது. தூக்கப் போனால் இரண்டு பேரும் கிணற்றடியில் கிடந்து வானொலி கேட்க வேண்டிவரும். நின்றபடி சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு ஏறவில்லை, என் முகத்தையே பார்த்தபடி கிடந்தார். கீழே கிடக்கிற மனிதனுக்கு மேலே நிற்கிறவனுடைய சொல் கேட்பதில்லை போலும். கடைசியில் நான் கிணற்றுக்கட்டைப் பிடித்து, முழங்காலை மடித்து, ஈரமண்ணில் அவருக்குப் பக்கத்தில் இறங்கிப் படுத்தேன். ஸக்கியாவின் ஜனாஸாவுக்குப் பிறகு நான் நிலத்துக்கு இறங்கியது அதுதான் முதல் தடவை. "இப்ப என்னைப் பாருங்க. பக்கவாட்டில புரளுங்க" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். "உங்களுக்கு ஏலுமான பக்கம்." "ரெண்டு பக்கமும் ஏலாது." "அப்ப என் பக்கம் புரளுங்க." புரண்டார். நானும் புரண்டேன். முகத்துக்கு முகம் வந்துவிட்டோம். அந்த நிலையில் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததும் உடம்பு இளகியது. முழங்கையை ஊன்றினார், நாலு காலில் வந்தார். நான் உடுப்புத் தோய்க்கிற கல்லைக் காட்டினேன். அதைப் பிடித்தார். "எந்தக் காலை முதல் ஊண்டுறது?" "பலமான கால." "எது எனக்குப் பலம்?" "முகாமையாளரே, அதையும் நான்தானா சொல்றது?" என்று சத்தம் போட்டேன். கோபத்தில் ஒரு காலை ஊன்றி எழும்பிவிட்டார். எழும்பிக் கல்லில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

இப்போது நான் கீழே கிடந்தேன்.

நான் பார்த்துப் பழகியவன். பார்த்ததைச் செய்தேன். முழங்கையை ஊன்றி, நாலு காலில் வந்தபோது என் நெற்றி மண்ணுக்குக் கிட்டப் போனது. கதிரையில் இருந்து தொழத் தொடங்கிய நாளிலிருந்து என் நெற்றி தரையைத் தொட்டதில்லை, ஃபாஹிம். அந்த ஈரமண்ணின் வாசம் முகத்தில் பட்டதும் நான் அப்படியே குனிந்து நெற்றியை அதில் வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குலசேகரம் பதறிப்போய், "நானா, மாட்டுப்பட்டிட்டீங்களோ?" என்று கேட்டார். "இல்ல. கொஞ்சம் இருங்க" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு கல்லைப் பிடித்தேன், அவர் கையைக் கொடுத்தார், எழும்பினேன்.

இரண்டு பேரும் சேறும் மண்ணுமாக மண்டபத்துக்குப் போனோம். ரகசியம் வாசலிலேயே முடிந்துவிட்டது. றீற்றா திரையை விலக்கிப் பார்த்து, "ரெண்டு பேரும் எங்க போய் உருண்டீங்க?" என்று கேட்டார். ஜுமானா எங்கள் இருவரையும் உட்காரவைத்து முழங்கைக் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "ஐயா, இத நீங்களே உங்கட மகனுக்குச் சொல்லோணும். எப்பிடி எழும்பினீங்க எண்டதையும் சேத்துச் சொல்லுங்க" என்றார். போனைக் கழுத்தில் தொங்கவிட எல்லோருக்கும் ஒவ்வொரு நாடா தந்தார். காலையில் ஒருவர் மற்றவருக்குப் போன் எடுத்து "எழும்பியாச்சா?" என்று கேட்க வேண்டும் என்று எங்களைச் சோடி சேர்த்தார். எனக்குக் குலசேகரம். அவர் ஸுபஹுத் தொழுகைக்கு முன்பே எடுத்து, தான் முந்திவிட்டதாகச் சொல்கிறார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மாமா தேறிவிட்டாரே, பிறகு ஏன் தெஹிவளைக்குச் சம்மதிக்கிறார் என்று கேட்பீர்கள். எழும்பியதை அன்று பகலெல்லாம் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் வருவது எழும்பியது அல்ல. "நான் இஞ்ச கிடக்கிறன்" என்ற அந்தக் குரல். சங்கக்கடையில் ஒரு வரிசையையே அடக்கி வைத்திருந்த மனிதனுடைய குரல் அது. விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை ஒருவருக்கும் கேட்காத குரல். என் வீட்டிலும் கிணற்றடி இருக்கிறது, பாசியும் இருக்கிறது. அந்த ஆடு என்னைப் பார்த்த பார்வையும் இருக்கிறது. பஹ்மா ஏன் போனைத் தூக்கினவுடன் அழுகிறாள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அவள் அந்தக் குரலை ஒவ்வொரு நாளும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளையை அப்படி வைத்திருக்கிற உரிமை எனக்கு இல்லை.

ஆகவே சம்மதம். சனிக்கிழமை வேன் வரட்டும். ஸஃப்னாவிடம் கோழிகளை ஒப்படைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை மையவாடிக்குப் போய், ஸக்கியா அடங்கியிருக்கிற இடத்தில் அவளிடமும் சொல்லிவிடுகிறேன். அங்கே நான் உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டேன். உட்காரச் சொல்லாமல் இருந்தால் போதும்.

பேரப்பிள்ளைகளின் தலையில் கை வைத்து என் துஆவைச் சொல்லுங்கள். உங்கள் தொழிலில் பறக்கத்தும், பஹ்மாவின் மனதில் அமைதியும், உங்கள் வீட்டுக் கதவுக்கு எந்நாளும் நல்ல செய்தியும் வர அல்லாஹ் அருள் செய்வானாக. உங்கள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மீது அன்பும் மதிப்பும் மாறாத மாமா,
சாஹுல் ஹமீது.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நடந்தவை எல்லாம் உண்மை. முடிவை மட்டும் விட்டுவிடுங்கள். வேன் வேண்டாம்.

இதைத் தபாற்கந்தோர் மேசையில் நின்றபடி, கவரைப் பிரித்து எழுதுகிறேன். ஸஃப்னாவின் கணவர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போய்விட்டார். மனம் மாறுவதற்குள் கடிதத்தைச் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நானே புறப்பட்டேன். களப்பு நீரை ஒட்டிய அந்த வெளியில் பிடிப்பதற்கு ஒரு மதிலும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது இங்கே சோளகக் காற்று. பாதி வழியில் அது கடிதத்தைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போயிற்று. நான் பின்னால் போனேன். ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், நடந்தேன் என்றும் சொல்ல முடியாது. கடிதம் ஒரு உடைமரத்தின் அடியில் போய் முள்ளில் சிக்கியது. குந்தி இருந்து, முள்ளிலிருந்து மெதுவாகக் கழற்றி, மணலைத் தட்டிவிட்டு எழும்பி, காற்றை ஏசிக்கொண்டே மிச்ச வழியையும் நடந்து வந்தேன். கவரில் இருக்கிற கிழிசல் அதுதான். தபால்காரரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

பயம் போய்விட்டதென்று நான் எழுதவில்லை. அது என்னோடு இருக்கட்டும், கழுத்தில் போனும் இருக்கிறது. பாசியை நாளைக்கே சுரண்டச் சொல்கிறேன். போன் எடுக்கிற வேலையையும் குலசேகரத்தோடு நிறுத்தாமல், காலையில் நானே பஹ்மாவுக்கும் எடுக்கிறேன். அவள் கேட்பதற்கு முன் "எழும்பிட்டேன் மகள்" என்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் வந்து பகல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள். என்னை ஏற்றாமல் போங்கள்.

இவ்வளவும் எனக்கு வழியில் தோன்றவில்லை. வழியெல்லாம் சம்மதத்தோடுதான் வந்தேன். கடிதத்தைக் கொடுக்கக் கையை நீட்டியபோது, கந்தோரில் இருக்கிற பெண் பிள்ளை எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "யாரோட வந்தீங்க வாப்பா?" என்று கேட்டாள். நானும் திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை.

"நான் மட்டுந்தான் மகள்" என்றேன்.